ஐந்தோடு நின்ற ஊசி

ஆவணி 11
வெயில். நேற்று உழவு முடித்துத் திரும்பும்போது தம்பி ஏழுமலையைத் தெருநாய் கடித்துவிட்டது. வலது கெண்டைக்காலில் இரண்டு பல். நாய் அப்புறம் கண்ணில் படவில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியாம், தினம் ஒன்று. இன்று முதல் ஊசி. யூரியா வாங்க மறந்தேன்.

ஆவணி 15
ஐந்து ஊசி ஆயிற்று. வயிறெல்லாம் கட்டி கட்டியாக வீக்கம். நாளை நடவு, ஆள் போதவில்லை.
"போதும்டா, புண்ணு ஆறிப்போச்சி. தெனம் அரை நாளு பஸ்லயே பூடுது" என்றேன்.
"டாக்டரு திட்டுவாரு ண்ணா."
"டாக்டரா வந்து நாத்து புடுங்குவாரு?"
சிரித்தான். அவன் மனைவி சரோஜா சிரிக்கவில்லை.

ஆவணி 19
நடவு முடிந்தது. ஏழுமலை இரண்டு ஆள் வேலை செய்தான்.

ஐப்பசி 3
மழை ஆரம்பம். பயிருக்கு நல்லது. ஏழுமலைக்குக் காய்ச்சல். கடிபட்ட கால் குறுகுறுக்கிறதாம். டீ இறங்கவில்லை, தம்ளரைத் தட்டிவிட்டான்.
"தண்ணியப் பாத்தாலே யாரோ தொண்டைய புடிக்கிற மாரி கீது ண்ணா."
எனக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சல்தான் என்று சொன்னேன்.

ஐப்பசி 4
ஆஸ்பத்திரி. டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். "அஞ்சுதான் போட்டிருக்கு. மீதி?" நான் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, இரண்டு மூன்று நாள் என்றார். திரும்பி வந்தால் வீட்டில் என் மனைவி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாளாம்: "கடிச்சி வெச்சான்னா யாரு பதில் சொல்றது?"
ஏழுமலையை மோட்டார் கொட்டகையில் படுக்க வைத்தோம்.

ஐப்பசி 5
விடாத மழை. தகரத்தில் சத்தம் கூடும்போதெல்லாம் அவன் உடம்பு வில்லாக வளைகிறது. எச்சில் வழிகிறது. நடுநடுவே நல்ல நினைவு. அதுதான் கொடுமை.
"என்ன கட்டிடு ண்ணா. இவள கடிச்சிடுவேன்னு பயமா கீது" என்றான், சரோஜாவைப் பார்த்து.
தாம்புக்கயிற்றால் கட்டினேன். மாடு கட்டிப் பழகிய கை. முடிச்சு சரியாகவே விழுந்தது. மகளைப் பார்க்க வேண்டும் என்றான். கூட்டி வரவில்லை. சரோஜா துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். துப்பினான், அவள் முகமெல்லாம். துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.
"மீதி ஊசியும் போட்டிருந்தா இப்டி ஆயிருக்காதில்ல?"
"அதெல்லாம் இல்லடா. அஞ்சே போதும்னு ஆஸ்பத்திரிலயே சொன்னாங்க."
நம்பினான். தலையைக்கூட ஆட்டினான்.

ஐப்பசி 6
காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டான். கயிறு இறுகிக் கிடந்தது, அறுத்துத்தான் எடுத்தோம். தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை, கெஞ்ச வேண்டியிருந்தது. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்கப்புறம்.

ஐப்பசி 9
எச்சில் பட்டதால் சரோஜாவுக்கும் எனக்கும் பதினாலு ஊசி. இன்று முதல். ஒரே பஸ். அவள் முன்னால், நான் பின்னால். குத்தும்போது உயிர் போகிறது. நான் கத்திவிட்டேன். ஏழுமலை ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

ஐப்பசி 21
கருமாதி. சரோஜாவின் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னா மச்சான், ஊசி முழுசா போடலியாமே?"
"அவன்தான் பயந்துக்கினு போவல" என்றேன்.
சரோஜா மூலையிலிருந்து எழுந்தாள். "அவரு எதுக்கும் பயப்படல. நடவு கெட்டுப்பூடும்னு இவருதான் நிறுத்தனாரு."
இலை போட்டார்கள். சாப்பிட்டார்கள். நானும்தான். ரசத்தில் உப்பு தூக்கல். சாயங்காலம் சரோஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு தாய்வீடு, காவாந்தண்டலம் போய்விட்டாள்.

ஐப்பசி 22
மழை விட்டிருக்கிறது. எனக்கு இன்று கடைசி ஊசி. அவளுக்கும் ஒன்று பாக்கி. ஊசி போடாமல் இருந்துவிடுவாளோ என்று பயம். காவாந்தண்டலம் போய்ச் சேர பதினோரு மணி. வாசலில் நின்று கூப்பிட்டேன்.
"சரோஜா, இன்னும் ஒண்ணு பாக்கி கீது. வாம்மா, போட்டுக்கினு வந்துடலாம்."
வெளியே வரவில்லை. உள்ளிருந்தே பதில்.
"போட்டாச்சி. மொத பஸ்ஸுக்கே எங்கண்ணன் கூட்டினு போனாரு."