ஒட்சிசன் காற்று

மகளின் வீட்டுச் சமையலறை யன்னலைத் திறந்ததும் அழுகிய முட்டை மணம் அடித்தது. முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிறகு குப்பை வாளியை. அதன் பிறகுதான் இந்த வீடு கடல் நிலத்துக்குள் நுழைந்த ஃபியோர்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆவணி மாதம், நல்ல வெயில், சில நாட்களாக இலைகூட அசையவில்லை. கடலின் அடி அழுகத் தொடங்கிவிட்டது. வானொலியில் செய்தி வாசித்த பெண்ணும் அந்தச் சொல்லைச் சொன்னாள். இல்ட்ஸ்வின். சிநேகிதி, நீர் பக்கத்தில் இருந்திருந்தால் இருவரும் வயிறு நோகச் சிரித்திருப்போம். தனியாகச் சிரிக்க முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அதனால் உமக்கு எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வதிவிட அனுமதி கிடைத்த கையோடு டேனிஷ் அதிகாரிகள் உம்மையும் என்னையும் லிம்ஃபியோர்ட் கரையில் ஒரு சின்ன ஊரில் ஒரே அறையில் குடிவைத்தார்கள். நான் மன்னார்க்காரி, அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். நீர் யாழ்ப்பாணம். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, ஊரையொட்டிய ஆழமில்லாத பரவைக்கடலுக்குள் இறால் குஞ்சுகள் எப்போது வருகின்றன, எப்போது வெளியே போகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். சண்டை வந்தது, ஆராய்ச்சி பாதியில் நின்றது. "எங்கட பரவைக்கடலில இப்ப ஆர் தண்ணி எடுக்கிறது?" என்று பல் தீட்டிக்கொண்டே கேட்பீர். நுரையைத் துப்பிவிட்டுப் பேசும் என்பேன்.

உம்மைப்போல இருப்புக்கொள்ளாத ஒரு மனுசியை நான் கண்டதில்லை. பேருந்தில் இருக்கையின் நுனியில் காலை ஆட்டிக்கொண்டுதான் இருப்பீர். தேநீரை ஊற்றிவிட்டு, குடிக்க மறந்து, யன்னலுக்கும் கதவுக்கும் நடப்பீர். மொழிப்பள்ளி ஆசிரியை உமக்கு ஃபியோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 'பிராக்டிக்' பிடித்துக் கொடுத்தபோதுதான் நான் கொஞ்சம் மூச்சுவிட்டேன். சம்பளமில்லாத பயிற்சி. இலையுதிர் காலம் வரை பார்ப்போம், சரிவந்தால் ஆய்வுகூட உதவியாளராக வைத்துக்கொள்கிறோம் என்று நிலையத் தலைவர் சொல்லியிருந்தார். உமக்கு அது போதும், அதுதான் எல்லாம்.

எனக்கோ வேறு கணக்கு இருந்தது.

"இக்காஸ்டில தையல் ஃபக்டரிக்கு ஆள் எடுக்கினமாம். எங்கட சனமும் நிறைய இருக்கு. ரெண்டு பேரும் போவம்," என்றேன்.

"நீர் போம். நான் தண்ணியை விட்டிட்டு வரமாட்டன்."

"தண்ணி உமக்குச் சோறு போடுமோ?"

"போடாட்டிலும் பரவாயில்லை. தண்ணியை விட்டா நான் ஆர் எண்டு எனக்கே தெரியாமல் போயிடும்," என்றீர். எனக்குக் கோபம் வந்தது. தனியாக இக்காஸ்டுக்குப் போகப் பயமாக இருந்தது என்பதும் உண்மை.

இருந்தாலும் வகுப்பு இல்லாத நாட்களில் உம்மோடு துறைமுகத்துக்கு வந்து போத்தல் பெட்டி தூக்கினேன். நிலையத்துக்கென்று பெரிய படகு கிடையாது, மீனவர்களின் படகில்தான் போய்வர வேண்டும். விலாங்கு பிடிக்கும் ஒரு கிழவர் உம்மை ஏற்றிப் போவார். அவருடைய வலையை முதல்முதலில் கண்டதும் நீர் துள்ளினீர். நெடுக ஒரு தடுப்பு வலை, அதன் முடிவில் மீன் புகுந்து அகப்படும் கூடு. "இஞ்ச பாரும், எங்கட சிறகுவலையெல்லோ!" என்று என் தோளில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே நெளிந்ததைப் பார்த்து நான் பின்னால் போனேன். எங்கள் வீட்டில் விலாங்கு சமைப்பதில்லை.

தண்ணீர்ப் பரிசோதனையை எனக்குப் பலமுறை விளக்கினீர். அடியிலிருந்து எடுத்த தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, இரண்டு மருந்து விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். ஒட்சிசன் இருந்தால் உள்ளே மண்ணிறமாகத் திரளும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அந்தக் கோடையில் காற்று செத்துப்போய்க் கிடந்தது. போத்தல்கள் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டு வந்தன.

அந்த நாட்களில்தான் நிலையத்தில் எல்லோர் வாயிலும் இல்ட்ஸ்வின் என்ற இந்தச் சொல் அடிபடத் தொடங்கியது. யாரிடமும் கேட்க உமக்கு வெட்கம். அகராதியை விரித்துக்கொண்டு படுக்கையில் இருந்தீர். 'இல்ட்' என்றால் ஒட்சிசன். 'வின்' என்றால் காற்று. நடுவில் ஒரு 'ஸ்'. முகம் மலர்ந்து, "ஒட்சிசன் காற்று! காற்று வந்து கடலுக்கை ஒட்சிசனைக் கலக்கப் போகுது. அதுதான் எல்லாரும் கதைக்கினம்," என்றீர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நல்ல சொல்லாக இருக்கிறதே என்று நானும் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் காலை துறைமுகத்தில் கிழவர் கூடுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வெளியே தப்பி ஓட வழியில்லாமல் கூட்டுக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்த விலாங்குகள், குவியல் குவியலாக. நீர் பாவம், ஆறுதல் சொல்லப் போனீர். உமக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதையும் திரட்டி, சிரித்த முகத்தோடு, "இல்ட்ஸ்வின் வருகிறது. மாயெட் கொட்! மிகவும் நல்லது!" என்றீர். அந்த மனிதர் உம்மை ஒருமுறை பார்த்தார். பிறகு போத்தல் பெட்டியைத் தன் படகிலிருந்து எடுத்துக் கரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் கதை நிலையத்துக்குப் போய்விட்டது. தலைவர் கத்தவில்லை. மீனவர்கள் படகில் ஏற்றாவிட்டால் உமக்குத் தருவதற்குத் தன்னிடம் வேலை இல்லை என்று மட்டும் சொன்னார். என்ன பிழை செய்தோம் என்றே விளங்காமல் நீர் அறைக்குள் நடந்தீர், நடந்தீர். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது. மொழிப்பள்ளிக்கு ஓடினேன். ஆசிரியை சிரிக்காமல் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அந்த 'ஸ்' முன்சொல்லோடு சேர்ந்ததல்ல, பின்சொல்லின் முதலெழுத்து. இல்ட், பிறகு ஸ்வின். ஸ்வின் என்றால் குறைந்து குறைந்து இல்லாமல் போவது. ஒட்சிசன் அற்றுப்போவது.

சொன்னதும் நீர் கட்டிலில் இருந்துவிட்டீர். நான் அறிந்து முதல்முறையாக உம்முடைய கால் ஆடாமல் நின்றது. "செத்த வீட்டில போய் நல்லது எண்டு சொல்லிப்போட்டன்," என்றீர். நான் அந்த நேரம் பார்த்து, "அப்ப இக்காஸ்டுக்கே போவம்," என்றேன். நீர் என்னைத் திட்டவில்லை. எழுந்து, இரண்டு போத்தல்களைக் கைப்பைக்குள் வைத்தீர். "வாரும். அந்தாளைக் காண வேணும்," என்றீர்.

கிழவர் வலை காயவைக்கும் கொட்டிலுக்குள் இருந்தார். நீர் போத்தல்களை அவர் முன்னால் வைத்தீர். ஒன்று மேல்தண்ணீர், மண்ணிறம். மற்றது அடித்தண்ணீர், வெள்ளை. உம்மிடம் டேனிஷ் மிச்சமிருக்கவில்லை. 'வின்' என்று சொல்லி வாயால் ஊதிக் காட்டினீர். பிறகு உம்முடைய தலையில் நீரே குட்டிக்கொண்டீர். எங்கள் ஊர்க் குட்டு! அவருக்கு எதுவும் விளங்கவில்லை. நானும் சேர்ந்து ஊதினேன். இரண்டு பெண்கள் நின்று கன்னம் உப்ப ஊதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக, "இல்ட்ஸ்... வின்?" என்று பிரித்துக் கேட்டார். நீர் தலையாட்டினீர். உம்முடைய கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அவர் சிரிக்கவில்லை. யன்னலால் தட்டையாகக் கிடந்த ஃபியோர்டைப் பார்த்தார். "அப்படி ஒன்று வந்தால் நல்லதுதான்," என்றார். பிறகு அந்த வெள்ளைப் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். உங்கள் ஊரிலும் இப்படி நடக்குமா என்று கேட்டார். மழை பொய்த்து, வெயில் ஏறி, பரவைக்கடல் வற்றினால் அங்கேயும் மீன் மிதக்கும் என்று கையால் பேசினீர். காற்று எழும்பியதும் வா என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு காற்றுக்காகக் காத்திருந்தோமே, அதைவிட நீளமான நாட்களை நான் கண்டதில்லை. யன்னல் கம்பியில் உம்முடைய தாவணியைக் கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றீர். "காற்று என்ன உமக்குப் பேசின மாப்பிளையோ? வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்," என்றேன். "மாப்பிளை எண்டா இவ்வளவு பாக்கமாட்டன்," என்றீர். ஒரு பின்னேரம் தாவணி மெல்ல அசைந்தது. விடியும்போது அது கிழியுமாப்போல் அடித்தது. நீர் ஒரு காலில் சப்பாத்தோடு ஓடினீர், மற்றதை நான் பின்னால் கொண்டு ஓடினேன்.

அலை கொஞ்சம் தணிந்ததும் கிழவர் உம்மைப் படகில் ஏற்றினார். திரும்பி வந்தபோது சத்தியெடுத்து முகம் பச்சையாகியிருந்தது. உடம்பெல்லாம் உப்பு. கையில் ஒரு போத்தல். "பாரும்," என்றீர். மண்ணிறம். அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இக்காஸ்டுக்கு நான் தனியாகத்தான் போகப்போகிறேன் என்று. சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் நீர் ஆய்வுகூடத்துக்குப் போனீர், நான் தையல் மெசினுக்குப் போனேன்.

பிறகு எத்தனை வருடங்கள் ரயிலில் வந்துபோனோம். என் மகளுக்கு நீர்தான் நண்டு பிடிக்கக் காட்டிக்கொடுத்தீர். அவள் உமக்கு டேனிஷில் பதில் சொல்வாள், நீர் விடாமல் தமிழில் கேட்பீர். பரவைக்கடலுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னீர். போகவில்லை. முதலில் சண்டை விடவில்லை, பிறகு உம்முடைய நுரையீரல் விடவில்லை.

கடைசியாக மருத்துவமனையில் உம்மைப் பார்த்தபோது மூக்கில் குழாய். மெல்லிய சீறல் சத்தம். கட்டிலில் கட்டிப்போட்டதுபோல் கிடந்தும் போர்வைக்குள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நான் அழக்கூடாது என்று யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் விரலால் குழாயைத் தட்டினீர்.

"இஞ்ச பாரும். இல்ட்ஸ்... வின்," என்றீர். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் அண்டைக்குப் பிழையா வாசிக்கேல்லையப்பா. கொஞ்சம் முந்தி வாசிச்சிட்டன்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். நீரும்தான்.

இன்றைக்கு வானொலியில் அந்தச் சொல் வந்தபோது என்னையறியாமல், "ஒட்சிசன் காற்று வருதாம்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மகள் தேநீர்க் கோப்பையோடு திரும்பி, அம்மா என்பதை டேனிஷில் சொல்லி, "மோர், அது இல்ட், ஸ்வின்," என்றாள், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல்.

"ஓம், எனக்குத் தெரியும்," என்றேன். ஆனாலும் யன்னலை மூடவில்லை. கழுத்திலிருந்த சால்வையைக் கழற்றி அதன் கொக்கியில் கட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கிறேன். இன்னும் அசையவில்லை.