இலையிலோ, கிண்ணத்திலோ

அண்ணை,

இன்று காலை இரைக்கு வைத்திருக்கும் சில்வண்டுப் பெட்டியைத் திறந்தேன். முட்டை அட்டையும் தவிடும் கலந்த அந்த வாடை வந்ததும், நீங்கள் பின்னால் நின்று மேற்பார்வை பார்ப்பதுபோல இருந்தது. திரும்பினேன். கூண்டுக்குள் உங்கள் பச்சோந்தி ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் கதவையும் கவனித்துக்கொண்டிருந்தது. என்னை நம்பாதவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

நாம் அகதியாக வந்து சேர்ந்த இந்த வின்டர்தூர் நகரில் நமக்குத் தெரிந்த வீடுகளில் மீன்தொட்டி உண்டு, கிளி உண்டு. நீங்கள் ஹோட்டல் சமையலறையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு பச்சோந்தி வாங்கினீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"இது கதைக்காதடாப்பா. ஒரு வீட்டுக் கதையை மற்ற வீட்டுக்குக் கொண்டுபோகாது."

சொல்லும்போது என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தவன் நான்தான்.

அதை வளர்க்க அரச அனுமதி வேண்டியிருந்தது. சில வாரங்களில் கடிதம் வந்துவிட்டது. உங்கள் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வர எட்டு வருடம் ஆனதை நினைவூட்டினேன். நீங்கள் கடிதத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"இவ்வளவு கெதியா ஏன் தந்தவங்கள்?"

மருத்துவமனைக்குப் போகும்முன் சாவியைத் தந்தீர்கள். "பூச்சிக்குக் கல்சியம் தூள் பூசிக் குடு. திருநீறு பூசிக் கோயிலுக்குப் போற மாதிரி இருக்கவேணும். காலையும் பின்னேரமும் இலைக்குத் தண்ணி விசிறு."

பூச்சிகளுக்குத் தவறாமல் திருநீறு பூசினேன். தண்ணீர் விடயத்தில்தான் பிழைவிட்டேன். வந்தவர் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். இலையில் தெளித்துவிட்டு நக்கிக் குடி என்பது மரியாதையாகப் படவில்லை. நல்ல கிண்ணமாகப் பார்த்து வைத்தேன்.

நான்காம் நாள் தொலைபேசியில் கேட்டீர்கள்.

"சாப்பிட்டதோ?"

"ஓம் அண்ணை."

"தண்ணி?"

"ஓம், வடிவாக் குடிச்சது."

பிறகு மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். மருத்துவமனைச் சூப்பில் உப்பில்லை என்றீர்கள். திடீரென்று, "இலையிலையோ, கிண்ணத்திலையோ?"

அகதி விசாரணையில் உங்களிடம் அப்படித்தான் கேட்டார்களாம். காலையில் கேட்டதை மத்தியானம் தலைகீழாகக் கேட்பார்கள்.

"கிண்ணத்திலை," என்றேன்.



"தம்பி, கிண்ணத்திலை நிக்கிற தண்ணி அதுக்குத் தண்ணியாத் தெரியாது. எத்தினை நாளா விசிறேல்லை?"

"நாலு."

"ஓடு!"

கீழே ஓடினேன். அதன் கண்கள் குழிவிழுந்திருந்தன. விரல் நோகும்வரை விசிறினேன். அது அசையவில்லை. நான் இன்னும் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்திருந்தது போலும். நெடுநேரம் கழித்து, இலை நுனியில் தொங்கிய ஒரு துளியை நோக்கி வாய் திறந்தது. உடனே உங்களை அழைத்தேன்.

"குடிச்சிட்டுது அண்ணை. இலையிலை. என்ரை கண்ணாலை கண்டன்."

"ம்," என்றீர்கள். "நாளைக்குத் திரும்பக் கேப்பன்."

அந்த நாளையில் நீங்கள் இருக்கவில்லை.

அனுமதி இப்போது என் பெயரில் இருக்கிறது. அதுவும் கெதியாகத்தான் வந்தது. நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விடுமுறைக்குப் போகலாம் என்று போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவி கொடுக்கப் போனேன். மழையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு, தண்ணீர் எப்படிக் கொடுப்பாய் என்று கேட்டேன். "கிண்ணத்திலைதான் வைப்பன், அண்ணை. வடிவான ஒண்டு இருக்கு," என்றாள். நான் எங்கும் போகவில்லை.

தினமும் காலையில் விசிறிவிட்டு, அது முதல் துளியைக் குடிக்கும்வரை நிற்கிறேன். பிறகு, யாரும் கேட்காமலே, சத்தமாகச் சொல்கிறேன்.

"இலையிலை, அண்ணை."