இடது மேல் மூலை

பிப்ரவரி 3, சனி

இன்றும் பெஞ்ச்.

ஓரத்திலிருந்து இரண்டாவது இருக்கை என்னுடையது. பிளாஸ்டிக்கில் ஒரு கீறல், வலது தொடைக்குச் சரியாகக் கீழே. நான்கு வருடத்தில் அது என் தோலுக்குப் பழகிவிட்டது. அல்லது என் தோல் அதற்கு.

கால்பந்து லீக்கில் தொண்ணூற்றேழு ஆட்டம். நான் கோலில் நின்றது ஒன்று. போன அக்டோபரில், முதல் கீப்பர் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த அன்று.

அம்மா போனில்: "இன்னைக்கு உன்னை ரெண்டு தடவை காமிச்சான்பா. ஒரு தடவை தண்ணி குடிச்சிட்டிருந்த."

கேமரா பெஞ்சைக் கடந்து போகும் அந்த ஒரு நொடிக்காகத் தொண்ணூறு நிமிடம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எண்ணிச் சொல்கிறாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 6, செவ்வாய்

பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவன் கேட்டிருந்தான்: இரண்டாவது கீப்பருக்கு என்னதான் வேலை? பதில் போட்டேன்: இருபது நிமிட வேலை.

ஆட்டத்துக்கு முன் அண்ணன் கோலில் நிற்பார். நான் எதிரே நின்று பந்துகளை அவரிடம் அடிப்பேன். கோல் போடுவதற்காக அல்ல, அவர் பிடிப்பதற்காக. கொஞ்சம் பாயும்படி, ஆனால் எட்டும்படி. கடைசிப் பந்து மட்டும் நேராக நெஞ்சுக்கு. அது கையில் போய் உட்கார வேண்டும். பிடித்த கையோடு அவர் உள்ளே போக வேண்டும். எங்கும் எழுதிவைக்காத விதி. எல்லா கிளப்பிலும் உண்டு.

நான் நன்றாக அடிப்பேன். சொன்ன இடத்தில் போய் நிற்கும். கீப்பருக்கு எதற்கு இந்தத் திறமை?

முதல் கீப்பரை வீரர்கள் எல்லாருமே அண்ணன் என்பார்கள். வயது முப்பத்தாறு. முடிக்குச் சாயம், வாய் நிறையக் கிண்டல். என்னைப் 'புரொபசர்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவர்தான். பையில் புத்தகம் வைத்திருந்த குற்றத்துக்கு.

பிப்ரவரி 9, வெள்ளி

கையுறை காயப்போடும் அறையில் அண்ணனும் நானும் மட்டும். ஈரமும் ரப்பரும் கலந்த நாற்றம்.

"புரொபசர், ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"இடது கை காதுக்கு மேல போகல."

சிரித்துவிட்டேன். அவர் தூக்கிக் காட்டினார். தோள் உயரத்தில் கை நின்றுவிட்டது. முகத்தில் வேர்வை.

அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்த சீசனில் இருபத்தைந்து ஆட்டம் ஆடினால் அடுத்த வருடம் தானாக நீளும். இதுவரை பதினெட்டு. மிச்சம் இருப்பதும் ஏழே ஆட்டம். ஒன்றைக்கூட விட முடியாது.

"சீசன் முடிஞ்ச உடனே ஆபரேஷன் பண்ணிக்கிறேன்டா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் மேல அடிக்காத. அவ்வளவுதான்."

"பிசியோகிட்ட சொல்லலாமேண்ணே."

"பிசியோகிட்ட சொன்னா கோச்சுக்குப் போவும். கோச்சுக்குப் போனா நீ உள்ள, நான் வீட்டுல."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"வேற யாரு என் கையப் பாக்குறா? நாளைக்கே நீயா கண்டுபிடிச்சிடுவ."

சரி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 13, செவ்வாய்

கீப்பர்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். எல்லாவற்றையும் எழுதிவைப்பார், அதனால் பெயர் 'நோட்டு'. நேரில் மட்டும் சார். இருவருக்கும் ஒரே பயிற்சிதான் போடுவார்.

இன்று வந்ததும், "மேல் மூலை. ரெண்டு பக்கமும்," என்றார்.

அண்ணன் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்.

"சார், எனக்கு வலது பக்கம் கீழே ரொம்ப வீக்கா இருக்கு. கொஞ்ச நாள் அதையே பண்ணலாமா?"

என் வாயிலிருந்துதான் வந்தது. நோட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தன் குறையைத் தானே சொல்ற கீப்பரை இப்பதான் பாக்குறேன்." பேனாவை எடுத்தார். எழுதினார்.

என் உடம்பில் நம்பிக்கையான இடம் அது ஒன்றுதான். வலது, கீழே.

பிப்ரவரி 17, சனி

பத்தொன்பது. 1-0. அண்ணன் ஆட்டநாயகன்.

பிப்ரவரி 24, சனி

இருபது.

இடது மேலே வரும் பந்துக்கு வலது கையைக் குறுக்கே வீசிப் போகிறார். உயரப் பந்துகளைப் பிடிப்பதில்லை, வலது முஷ்டியால் குத்துகிறார். டிவியில் பேசியவர் சொன்னாராம்: இந்த வயதில் என்ன ஒரு துணிச்சலான புது பாணி! அம்மா சொன்னாள். என்னை இன்று ஒரு தடவைதான் காட்டினானாம். "தலைமுடி வெட்டிக்கோ."

நான் ஏன் மறைக்கிறேன்? இரக்கமா? காட்டிக்கொடுத்தவன் என்ற பெயருக்குப் பயமா? இன்னொன்றும் இருக்கிறது, எழுதிவிடுகிறேன் – ஆடாதவன் கோல் வாங்குவதில்லை.

மார்ச் 4, திங்கள்

கீழ் டிவிஷன் கிளப் ஒன்றிலிருந்து போன். "எங்களுக்கு நீங்கதான் முதல் கீப்பர்." இரண்டு முறை சொல்லச் சொன்னேன், சிக்னல் சரியில்லை என்று.

என் ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கிறது. ஏப்ரல் முப்பதுக்குள் கிளப் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், இன்னொரு வருடம் நான் இங்கே. என் கையெழுத்து தேவையில்லை.

தலைமைக் கோச்சிடம் போனேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோலை ஒரே சுருளாக எடுப்பதில் குறியாக இருந்தார்.

"போகணுமா?"

"ஆடணும் சார்."

"அவங்க முறைப்படி கேக்கட்டும். உன்னை நிறுத்துற லெட்டரை நான் குடுக்கமாட்டேன்." ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். "அண்ணன் நல்லாதான இருக்காரு. அவருக்கு ஏதாவதுன்னா உன்னை விடமுடியாது. நல்லாதான இருக்காரு?"

"நல்லாதான் சார் இருக்காரு."

சுளை இனிப்பாகத்தான் இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

இதை ஒழுங்காக யோசிக்க வேண்டும். அவர் தோளைப் பற்றிச் சொன்னால் நாளைக்கே இங்கே ஆடலாம் – அடுத்த வருடம் வேறு ஒருவரை வாங்குவார்கள், நான் மறுபடி அதே கீறலில். சொல்லாவிட்டால் போகலாம். அவர் தோள் நன்றாக இருக்கும்வரை எனக்கு விடுதலை. அவர் தோள் நன்றாக இல்லை.

ஆக, இன்றைக்கு வலது கீழ் மூலைக்கு அடித்த அறுபது பந்தும் அவருக்காக மட்டும் இல்லை.

மார்ச் 9, சனி

இருபத்தொன்று.

மார்ச் 16, சனி

இருபத்திரண்டு. தோல்வி.

கோல் விழுந்தது இடது மேல் மூலையில். அண்ணன் அசையவில்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார், பஸ்ஸை விட்டவர் மாதிரி. பெஞ்சில் பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "யாரு நின்னாலும் அது கோல்தான்டா."

நான் தண்ணீர் குடித்தேன். அதைக் காட்டினார்களாம்.

மார்ச் 20, புதன்

எல்லோரும் போன பிறகு ஒரு டிஃபெண்டரைப் பிடித்து நிறுத்தி, இடது மேலே பத்து பந்து அடிக்கச் சொன்னேன். நான்கு வருடமாக அது எனக்குச் சுலபமான பக்கம் இல்லைதான். ஆனால் ஏழெட்டு பிடிப்பேன்.

மூன்று.

கால் கிளம்பத் தாமதிக்கிறது. உடம்பு வலது பக்கம் சாய்ந்தபடியே காத்திருக்கிறது. ஐந்து வாரமாக அந்தப் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லையே, அதற்கு எப்படித் தெரியும்? நான் சொன்னது பொய் என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன புரொபசர், கனவா?" என்றான் டிஃபெண்டர்.

மார்ச் 30, சனி

இருபத்துமூன்று.

ஏப்ரல் 2, செவ்வாய்

அந்த கிளப் வேண்டாம் என்றுவிட்டது.

சொன்னவர் நோட்டு. ஆசையாகத் தோளில் கைபோட்டுச் சொன்னார். அங்கே கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் இவருடைய பழைய கூட்டாளியாம். போன் செய்து விசாரித்தாராம்.

"நான் ஒண்ணையும் மறைக்கலப்பா. நோட்டைத் திறந்து வெச்சு அப்படியே படிச்சேன். தங்கமான பையன், ஆனா வலது கீழே வீக்கு, அவனே வந்து சொன்னான், தினமும் அதுக்காகவே உழைக்கிறான்னு. பெருமையாத்தான் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவங்க ஊர்ல எப்பவும் தரை ஈரமாம். எல்லாரும் கீழதான் அடிப்பாங்களாம். அதான் வேணாம்னுட்டாங்க."

நன்றி சார் என்றேன். உண்மையைச் சொன்னால் எப்படிப் போகும்? சார், அது பொய் சார் – ஏன்டா பொய் சொன்னே – அண்ணனுக்கு – அண்ணனுக்கு என்ன? ஒவ்வொரு கதவாத் திறந்தா அந்தத் தோள்ல போய்த்தான் முட்டுது. என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான். ஐயோ, நானே சொன்னேனே. நானே போய் சொன்னேனே.

ஏப்ரல் 6, சனி

இருபத்துநான்கு. வார்ம்-அப்பில் அண்ணன் கேட்டார், "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு?" பல்வலி என்றேன்.

ஏப்ரல் 20, சனி

கடைசி ஆட்டம். அவருக்கு இருபத்தைந்தாவது.

முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. கடைசிப் பந்தை மட்டும் இடது மேல் மூலைக்கு அடிப்பேன். மெதுவாக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட எட்டிப் பிடிக்கிற பந்து. நோட்டு பக்கத்தில் நிற்பார், தலைமைக் கோச் கோட்டோரம் நிற்பார். கை மேலே போகாததை எல்லோரும் பார்க்கட்டும். நான் வாயே திறக்க வேண்டாம்.

பத்தொன்பது பந்து வலது பக்கம் போயிற்று. இருபதாவதை வைத்தேன். மூலையைப் பார்த்தேன், வலையின் முடிச்சுகூடத் தெரிந்தது. அண்ணனையும் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படியோ. கிண்டல் இல்லாத அவர் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஓடி வந்து அடித்தேன்.

நேராக நெஞ்சுக்குப் போனது. கையில் உட்கார்ந்தது.

மனம் மாறியதா? இல்லை. சத்தியமாக மூலைக்குத்தான் அடித்தேன். நான்கு வருடமாகக் கடைசிப் பந்தை எங்கே அடிக்குமோ, அங்கேதான் அடித்தது கால்.

0-0.

ஏப்ரல் 24, புதன்

அலுவலகத்தில் இரண்டு உறைகள். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. எழுத்தர் மாற்றிக் கொடுத்துவிட்டார். பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஒரே வாசகம்: "மேலும் ஓராண்டு."

கையுறை அறையில் அவரைப் பிடித்தேன். கீழ் டிவிஷன் விஷயம் முழுக்கச் சொன்னேன். அவருக்கு இதுவரை தெரியாது.

"சீசன்தான் முடிஞ்சிடுச்சே. நோட்டு சார்கிட்ட சொல்லுங்க. எனக்கு வலது பக்கம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க."

"ஏன் அப்படிச் சொன்னான்னு கேப்பாரே."

"கேப்பாரு."

"அப்புறம் இந்த லெட்டர் நிக்குமாடா?"

அவர் காய்ந்த கையுறைகளையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தார்.

மே 7, செவ்வாய்

அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் அடிபட்டதாக அறிக்கை. நவம்பரில்தான் திரும்ப ஆட முடியும் என்கிறார் பிசியோ. அதுவரை கோலில் நான்.

கோச் போனில் சொன்னார். வாழ்த்துகூடச் சொன்னார். சந்தோஷம் வருமென்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

சீசனின் முதல் ஆட்டம்.

வார்ம்-அப்பில் எனக்குப் பந்து அடிக்க வேண்டியவன் புதிதாக வந்திருக்கும் இரண்டாவது கீப்பர். அண்ணன் வந்து அவனிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டார். "தள்ளுப்பா. எனக்குக் கைதான் இல்ல, கால் இருக்கு."

முதல் பந்து இடது மேலே. நான் நகரவே இல்லை. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவதும்.

நோட்டு கத்தினார்: "வலது கீழ அடிப்பா! அதான் அவனுக்கு வீக்கு!"

"தெரியும் சார்," என்றார் அண்ணன். நான்காவதும் இடது மேலே. ஐந்தாவதும். அவருக்கு என் அளவு குறி கிடையாது. சிலது பாருக்கு மேலே பறந்தது. "அட, கீப்பருக்கு எதுக்குடா ஷூட்டிங் வரணும்!" என்று பெஞ்சைப் பார்த்துக் கத்திக்கொண்டார். பன்னிரண்டாவதில்தான் என் விரல் பட்டது. பதினைந்தாவது கையில் நின்றது.

கடைசிப் பந்து. அதை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்: இங்கேயா?

நான் இடது கையைத் தூக்கி மூலையைக் காட்டினேன்.

விரல் நுனியில் பட்டு, பாரில் மோதி வெளியே போனது. பிடிக்கவில்லை. பிடிக்காத கையோடுதான் உள்ளே போனேன்.

1-1. வாங்கிய கோல் எந்த மூலையிலும் இல்லை. ஒருவன் முழங்காலில் பட்டு உருண்டு வந்தது.

நோட்டின் நோட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது. நவம்பருக்குள் இன்னும் பதினோரு ஆட்டம்.

அம்மாவிடம் கேட்டேன், இன்றைக்கு எத்தனை தடவை காட்டினான் என்று.

"எண்ணலப்பா. ஆட்டத்தைத்தான் பாத்துட்டிருந்தேன்."

ஒன்றை விட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது அண்ணன் வலது தொடையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"ஓரத்துலேர்ந்து ரெண்டாவது சீட்டுல என்னமோ கீறுதுடா. எப்படிடா நாலு வருஷம் உக்காந்த?"

"பழகிடும்ணே," என்றேன்.