தாங்களும் ‘சிஸ்டர்’ என்று அழைத்த ரோஸ் கோட்டுப் பெண்மணி குறித்து

அனுப்புநர்
நகரப் பேருந்து நடத்துநர்,
நான்கு மாதக் கைக்குழந்தையின் தாய்,
பணிமனைக்குப் பின்புறச் சந்து, மாடி வீடு.

பெறுநர்
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
குழந்தைப் பால் மாவு விற்பனை நெறிமுறைப் பிரிவு,
சுகாதாரத் துறை அலுவலகம்.

பொருள்: மகப்பேறு வார்டில் பால் மாவு கம்பெனியின் ஆள் நடமாடுவது – அதை விசாரிக்க வந்த தங்களுக்கு அவரே வார்டைச் சுற்றிக் காட்டியது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு. 2. “அப்படி எவரும் அங்கு வருவதில்லை” என்ற தங்கள் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பதில் கிடைத்தது. ஒரு சாதாரண நடத்துநரின் மனுவுக்கு, அவள் குழந்தைக்குப் பல் முளைப்பதற்குள் பதில் வந்துவிட்டது என்பதை எங்கள் பணிமனையில் யாரும் நம்பவில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்துத்தான் நம்ப வைத்தேன். தாங்கள் நேரில் வந்து வார்டு முழுவதையும் ஆய்வு செய்ததாகவும், பணியில் இருந்த செவிலியரை விசாரித்ததாகவும், கம்பெனி ஆள் எவரும் அங்கு வருவதில்லை என அவர் உறுதிபடக் கூறியதாகவும், ஆகவே என் மனு முடித்துவைக்கப்படுவதாகவும் அதில் கண்டிருந்தது. தாங்கள் வந்தது உண்மை. விசாரித்ததும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். மிச்சத்தைப் பற்றித்தான் கீழே பணிவுடன் எழுதுகிறேன்.

1. நான்கு மாதங்களுக்கு முன் அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம். காலை நெரிசலில் பேருந்து முழுக்க நிற்கிறவர்களை “உள்ள போங்க, உள்ள போங்க” என்று அதட்டிப் பழகிய தொண்டை என்னுடையது. அன்று ஒரு முழம் கூட இல்லாத ஓர் உயிர் போட்ட கத்தலுக்கு என்னிடம் பதில் இல்லை. வார்டு முழுவதற்கும் செவிலியர் ஒரே ஒருவர். கண்ணாடி போட்டவர், நடக்கும்போதே எழுதுவார், எழுதும்போதே திட்டுவார். என் கட்டிலைக் கடக்கையில், “மொதல்ல கொஞ்சமாத்தான் வரும். பிள்ளைய விடாம மார்ல போட்டுக்கிட்டே இரு, தானா ஊறும்” என்று சொன்னபடியே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. அப்போது, அவர் நின்று சொல்லவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

2. நின்று சொன்னவர் வேறொருவர். ரோஸ் நிறக் கோட்டு. கழுத்தில் ‘தாய் சேய் நல ஆலோசகர்’ என்று ஓர் அட்டை. அட்டையின் மூலையில் சிரிக்கும் கரடிக்குட்டி. என் தலையணையைச் சரிசெய்தார். வெந்நீர் பிடித்து வந்தார். “சாப்பிட்டியாம்மா” என்று அன்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கேட்டிருக்க வேண்டிய என் கணவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் அவரை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டேன். “சொல்லும்மா” என்றார். குழந்தை அழுதது. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “பால் போதல போல இருக்கே” என்றார். ஐயா, விளம்பரம் என்ற சொல்லுக்குத் தங்கள் நெறிமுறையில் எத்தனை பக்கம் விளக்கம் இருக்கிறதோ நான் அறியேன். முந்தின நாள் பெற்றெடுத்த ஒருத்தியின் காதோரம் சொல்லப்படும் இந்த நான்கு சொற்களுக்கு ஈடான விளம்பரத்தை எந்தச் சுவரிலும் ஒட்ட முடியாது.

3. வீட்டுக்குப் புறப்படும்போது கரடிக்குட்டிப் படம் போட்ட பை ஒன்று தந்தார். அதில் ஒரு துண்டு, ஒரு தொப்பி, ஒரு டப்பா பால் மாவு. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்பது விதி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். விதி மீறப்படவில்லை ஐயா. பையின் மேல் ‘பரிசு’ என்றுதான் அச்சிட்டிருந்தது. டப்பாவின் அடியில், தாய்ப்பாலே சிறந்தது என்று எறும்பு படித்தால் புரியும் அளவில் எழுதியும் இருந்தது. புட்டிப் பாலுக்குச் சிரமம் இல்லை. வாய் வைத்தால் ஒழுகும். பிள்ளை அதற்குப் பழகியதும் என் மார்பை வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த டப்பா தீர்வதற்குள் என் பால் தீர்ந்தது. ஓசி டப்பா ஒன்றுதான், அடுத்ததிலிருந்து காசு. மாதம் ஏற ஏற வேறு ஸ்டேஜ் வாங்க வேண்டுமாம், அதற்கும் போனில் நினைவூட்டினார்கள். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கட்டணம் ஏறுவதில் எங்கள் போக்குவரத்துத் துறையை யாரும் மிஞ்ச முடியாது என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் வண்டியிலாவது வேண்டாம் என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

4. விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், அதே பெண்மணி என் வண்டியில் ஏறினார். கோட்டு இல்லை. கையில் பெரிய அட்டைப்பெட்டி, அதன் நான்கு பக்கமும் கரடிக்குட்டி. பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “டியூட்டி முடிஞ்சுதா சிஸ்டர்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “நான் சிஸ்டர் இல்லம்மா, கம்பெனி” என்றார். எனக்குச் சில்லறை கொடுக்கக் கை வரவில்லை. “அன்னிக்கு ஏன் சொல்லல?” என்றேன். “நான் எப்பவாவது நர்ஸுன்னு சொன்னேனா?” என்று அவர் கேட்டார். கடைசி நிறுத்தம் வரை யோசித்துப் பார்த்தேன். சொல்லவே இல்லை. அந்த அம்மாள் என்னிடம் ஒரு பொய்யும் பேசவில்லை. சொன்னதெல்லாம் நான், அவர் “சொல்லும்மா” என்றதோடு சரி.

5. இதைத்தான் முதல் மனுவில் எழுதினேன். தாங்கள் ஆய்வுக்கு வந்த அன்று, குழந்தைக்குத் தடுப்பூசி போட நானும் அங்கு வந்திருந்தேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை முந்தின நாளே வந்துவிட்டதாகக் காவலாளி சொன்னார். தரையில் பினாயில் மணந்தது, கட்டில்களுக்குப் புது விரிப்பு, சுவரில் இருந்த கரடிக்குட்டிகளின் மேல் கை கழுவும் முறைப் படங்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வாசலில் கைகட்டி நின்றபோதுதான் அப்படி ஒருவரை நேரில் பார்த்தேன். ஒன்றை மட்டும் அவர்கள் மறந்திருந்தார்கள். தாங்கள் உள்ளே நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தங்கள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டீர்கள் அல்லவா? அந்தக் கடிகாரத்தின் நடுவில் இரண்டு முள்ளையும் கையாக நீட்டிக்கொண்டு நேரம் சொன்னது அதே கரடிக்குட்டிதான். கம்பெனி நேரத்தில் துல்லியமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

6. கண்ணாடி போட்ட உண்மையான சிஸ்டருக்கு அன்று பிரசவ அறையில் வேலை. கையில் வேலை இல்லாமல், சிரித்த முகத்துடன், துவைத்துத் தேய்த்த கோட்டுடன் தங்கள் எதிரே வந்தவர் நம் பெண்மணி. தங்களுக்கு வணக்கம் சொன்னார். தங்களுக்கும் நாற்காலி போட்டார். தாங்கள், “சிஸ்டர், இங்க கம்பெனி ஆளுங்க யாராச்சும் வர்றாங்களா?” என்று கேட்டீர்கள். “வெளியாளுங்கள நாங்க உள்ளயே விடறதில்ல சார்” என்றார் அவர். தாங்கள் தலையசைத்து எழுதிக்கொண்டீர்கள். ஐயா, என் தொழிலில் இதற்கு ஓர் உதாரணம் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் வண்டியில் செக்கிங் ஏறுகிறவர், டிக்கெட் எடுக்காமல் நிற்கிற ஆளைப் பார்த்து, “எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்டு, அவர் “ஆச்சு சார்” என்றதும் நன்றி சொல்லி இறங்கிப் போவதில்லை.

7. தாங்கள் திரும்புகையில் என் குழந்தை ஊசி போட்ட வலியில் வீறிட்டது. நான் தங்களை நோக்கி ஓரடி வைத்தேன். காவலாளி ஓரமாக நிற்கச் சொன்னார். தாங்களே நின்றீர்கள். அந்தக் கருணையை நான் மறக்கவில்லை. “பசிக்குது போல சார்” என்று தங்கள் பின்னாலிருந்து ரோஸ் கோட்டு சொன்னது. தாங்கள் குழந்தையின் கன்னத்தைத் தட்டி என்னிடம், “தாய்ப்பால் குடும்மா. அதவிட ஒசந்தது எதுவும் இல்ல” என்றீர்கள். அறிவுரை மிகச் சரியானது. மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் பின்பற்றியிருப்பேன். அத்தனை பேர் நடுவில், எந்த டிப்போ மேலாளருக்கும் பயப்படாத எனக்கு அழுகைதான் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து புட்டியை வாயில் வைத்தேன். தாங்கள் அந்தப் படியில்தான் இறங்கிப் போனீர்கள். வழி விட்டு உட்கார்ந்தேன்.

8. முடிந்துபோன மனுவை ஏன் மறுபடி திறக்கிறாள் என்று தாங்கள் எண்ணலாம். என் தங்கைக்கு இது மாதம். வரும் வாரம் அதே வார்டில் சேர்க்கிறோம். வேறு மருத்துவமனைக்கு எங்களிடம் வசதி இல்லை. நேற்று துணிமணிகளை எடுத்துவைக்கும்போது அவள், “அக்கா, நீ சொன்னியே, அந்த ரோஸ் கோட்டு சிஸ்டர் தங்கமானவங்கன்னு, அவங்க இருப்பாங்கல்ல?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பிரசவமான புதிதில் வீடு முழுக்க நானே அந்த அம்மாளின் புகழ் பாடியிருந்தேன், சம்பளம் வாங்காமல். தங்கைக்கு இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆனால் வலி எடுத்துக் கிடக்கும்போது, யார் வெந்நீர் கொண்டு வருகிறாரோ அவர் சொல்வதுதான் காதில் ஏறும். அனுபவத்தில் சொல்கிறேன். அவள் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவளுக்கு அக்கா என்று ஒருத்தி இல்லாமலும் போகலாம்.

ஆகவே, ஐயா அவர்கள் மனமிரங்கி,

(அ) அந்த ரோஸ் கோட்டு வார்டுக்குள் வராமல் செய்ய வேண்டும். கோட்டுக்குள் இருக்கும் பெண்மணியின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. அவரும் யாருக்கோ கணக்குச் சொல்ல வேண்டியவர். அவரை அனுப்பிய கம்பெனியையும், அவருக்குக் கதவு திறந்துவிட்ட கண்காணிப்பாளரையும் கேட்க வேண்டும்.

(ஆ) அந்த வார்டுக்கு இன்னொரு செவிலியரை நியமிக்கப் பரிந்துரைக்க வேண்டும். கட்டிலருகே நின்று சொல்ல அரசாங்கத்துக்கு ஆள் இல்லாததால்தான் கம்பெனி ஆள் நிற்கிறார்.

(இ) கடிகாரத்தையும் கழற்றலாம். அது தங்கள் விருப்பம்.

(ஈ) மறு ஆய்வுக்குத் தாங்களே வர வேண்டும். போன் செய்யாமல், வண்டியை வாசலில் நிறுத்தாமல், பார்வையாளர் நேரத்தில், தங்கையைப் பார்க்க வந்த அண்ணனைப் போலக் கையில் ஒரு பிளாஸ்க்குடன் வந்து, அழுகிற குழந்தை இருக்கும் கட்டிலின் பக்கத்தில் உட்கார வேண்டும். தேட வேண்டாம், அவரே வருவார். வந்ததும் ‘சிஸ்டர்’ என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். “நீங்க யாரு?” என்று கேளுங்கள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவார். முழு விசாரணையும் அந்த இரண்டு சொல்தான். நான் அன்று கேட்கவில்லை, பிள்ளை பெற்ற அசதி. தாங்கள் கேட்கவில்லை, காரணத்தைத் தாங்களே அறிவீர்கள்.

என் மகள் தூக்கத்தில் இன்னமும் என் மார்பில் வாயை வைத்துப் பார்க்கிறாள். இரண்டு முறை சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இதற்குத் தாங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. எனவே இதை மனுவில் சேர்க்கவில்லை. தங்கை பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இடம்: பணிமனை ஓய்வறை
நாள்: தங்கையை வார்டில் சேர்ப்பதற்கு முந்தைய திங்கள்கிழமை

இப்படிக்கு,
அன்று மாடிப்படியில் தங்களுக்கு வழி விட்டவள்
(ஒப்பம்)