ஒன்பதாவது ஆளின் அளவு

சான் ஒரேலியோ,
செவ்வாய்க்கிழமை

என் அருமைப் பேரன் எவாரிஸ்டோவுக்குப் பாட்டி பிரூடென்சியா எழுதிக்கொண்டது. நானும் வீடும் எப்படியோ நின்றுகொண்டிருக்கிறோம். முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. லிடியாவுக்கு வாந்தி நின்றதா? பிள்ளைத்தாய்ச்சியை வெயிலில் அலைய விடாதே.

இதைத் தபாலில் போடவில்லை. அங்கே பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டக்கூட மாட்டேன் என்கிறார்கள். எனக்கு நற்கருணை கொண்டுவரும் கன்னியாஸ்திரீ உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார். அவருடைய செபப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்புகிறேன்.

மறுபடி ஒரு ஜனாதிபதி போய்விட்டார். அந்த வாத்தியார்தான். பத்தொன்பது நாள்தான் பதவியில் இருந்தார். நல்ல மனிதர். பட்டாளம் அரண்மனை வாசலில் வந்து நின்றதும், சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு தாமே நடந்து போனாராம். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எதிர்வீட்டு ருஃபினா வாழைக்காய் பொரித்துக்கொண்டே, "பேரு வாய்ல நுழையறதுக்குள்ள ஆளு போயிட்டாரே அக்கா" என்றாள். சிரித்தோம். முன்பெல்லாம் அழுவோம். இப்போது ஜன்னலைச் சாத்துகிறோம், மூன்று நாளுக்கு ரொட்டி வாங்கி வைக்கிறோம், பிறகு திறக்கிறோம்.

பதவிப் பட்டை வழக்கம்போல் என்னிடம் வந்திருக்கிறது. சுதந்திரம் வந்த நாளிலிருந்து பதவிக்கு வரும் எல்லாருக்கும் தோளில் மாட்டுவது இந்த ஒரே பட்டைதான். புதிது தைத்தால் குடியரசுக்கு ஆகாதாம். கர்னலின் தொப்பைக்குப் பிரித்துவிட்டேன், வாத்தியாரின் ஒல்லி உடம்புக்குப் பிடித்தேன். பதினோரு வருஷத்தில் எட்டுப் பேர். விளிம்பெல்லாம் ஊசித் துளை, இனித் தையல் நிற்க இடமில்லை. நடுவில் இருக்கும் துளை மட்டும் என் ஊசி போட்டதல்ல. மூன்றாமவர் மார்பில் இருந்தபோது விழுந்தது. துவைத்து, இழை தெரியாமல் அடைத்துக் கொடுத்தேன்.

இனிச் சொல்லப் போவதைப் பொறுமையாகப் படி. தப்பு என்னுடையது.

வாத்தியாருக்கு அளவெடுத்த அன்று, அவர் மரியாதைக்கு, "பேரப்பிள்ளைங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். என் பேரன் வெளிநாட்டில் பாலம் கட்டுகிறான், ஆறு பாலம், ஒன்றுகூட விரிசல் விடவில்லை, எந்தக் கட்சியிலும் இல்லை, யார் முன்னாலும் கைநீட்டியதில்லை என்று கொட்டிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு பேரன் என்றால் வாய் சும்மா இருக்குமா? அரண்மனை நிர்வாகி பெர்மீன் கதவோரம் நின்று கேட்டிருக்கிறார்.

நேற்று அவரே வீட்டுக்கு வந்தார். ஜெனரல்களுக்குள் ஒத்துப்போகவில்லையாம். யாருக்கும் பகையில்லாத, கறைபடாத ஒரு பெயர் வேண்டுமாம். "உங்க வாயாலதானே ஆத்தா சொன்னீங்க? அடுத்தது உங்க பேரன்தான். தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் அளவு சொல்லுங்க, பட்டையைச் சரிபண்ணணும்" என்றார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாப் பள்ளிக்கூடச் சுவரிலும் உன் படம் தெரிந்தது. ருஃபினாவைக் கூப்பிட வாசல்வரை போய்விட்டேன். திரும்பும்போது மேசைமேல் கிடந்த பட்டை கண்ணில் பட்டது. உட்கார்ந்துவிட்டேன். அளவு ஞாபகம் இல்லை என்றேன். பெர்மீன் சிரித்தார். "தையக்காரிக்கே பேரன் அளவு மறந்துபோச்சா? சரி, அவரே வரட்டும், நேர்லயே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் ஒரு சிப்பாயை உட்கார வைத்திருக்கிறார். என் பாதுகாப்புக்காம். அவனுக்குச் சாப்பாடும் நான்தான் போடுகிறேன்.

இந்த வாரத்துக்குள் உனக்குத் தூதரகத்திலிருந்து அழைப்பு வரும். போகாதே. காய்ச்சல் என்று சொல், பாலம் பாதியில் நிற்கிறது என்று சொல், கோழை என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை. நாடு கூப்பிடுகிறது என்பார்கள். அது நிஜமாகவும் இருக்கலாம். பாட்டி உன்னைப் பார்க்க ஏங்கிப் போயிருக்கிறாள் என்பார்கள், அதை நம்பாதே. இதற்குப் பிறகு, வா என்று என் கையெழுத்திலேயே கடிதம் வந்தாலும் நம்பாதே.

பிறக்கப்போகும் குழந்தைக்கு மாதா நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் பாட்டி
பிரூடென்சியா