கழற்றிய சின்னச் சக்கரம்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

பழைய சைக்கிளில் கியர் தானாக மாறுகிறது என்று எழுதினேனே; நீங்கள் சொன்னபடி முன்பக்கம் பெரிய பல்சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு, சின்னதையும் கியர் மாற்றும் கம்பியையும் கழற்றிவிட்டேன். ஆனாலும் ஆலைக்குப் போகும் மேட்டில் ‘டக்’கென்று சத்தம் கேட்கிறது; சின்னதுக்கு மாறியதுபோல் மிதி லேசாகிவிடுகிறது.

அறை நண்பனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “உனக்கு முன்னாடி அதை ஓட்டின வெல்டர் அங்கதான் சின்னதுக்கு மாத்துவாரு. அந்த மேட்டுலதான் லாரி அடிச்சு செத்தாரு.”

பயப்படாதீர்கள், ஏற்றத்துக்கு உதவிதானே! கட்டிலுக்கடியில் வைத்த சின்னச் சக்கரத்தில் தினமும் புது கிரீஸ் அப்பியிருக்கிறது. துடைத்துக்கொண்டே வீட்டுக் கதை பேசுகிறேன். கேட்க ஆள் இருக்கிறது.

துடைக்க உங்கள் பழைய வேட்டியைக் கிழித்து அனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்

மறந்துவிட்டேன்: முட்டிவலியை வெல்டரும் விசாரித்தார்.