கம்பத்தில் தட்டிய சத்தம்

இன்று மத்தியானம் பெய்த மழையில், கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் செருப்பில் செம்மண் அப்பிக்கொண்டது. "வாசப்படியில ரெண்டு தட்டு தட்டிட்டு உள்ள வாங்களேன்" என்றாள் என் மனைவி. வழக்கம்போல் நான் தட்டவில்லை. குழாயடியில் குந்தி, குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். "என்னமோ போங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். உனக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

ஆவூர் மாதா கோயில் மைதானத்தில் நாம் கால்பந்து ஆட ஆரம்பித்த காலத்திலேயே, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் நீ, கீப்பர் நான். உன் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிறகு கொல்கத்தாவில் ஒரு கிளப் உன்னைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கோவா, கேரளம் என்று போனாய். நான் இலுப்பூரில் பெயிண்ட் கடை வைத்து, ஞாயிற்றுக்கிழமைக் கீப்பராக மிஞ்சினேன். உன் ஆட்டங்களைக் கடை டிவியில் போட்டு உட்கார்ந்திருப்பேன். கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும். பந்து வராமல் பார்த்துக்கொள்கிறவனை எங்கே காட்டுகிறது? உன் ஒரு பக்கத் தோள் தெரிந்துவிட்டால் அன்று கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் என் செலவில் டீ.

முட்டி கெட்டு, ஒப்பந்தம் முடிந்து நீ ஊர் திரும்பியபோது, புதுக்கோட்டையில் புதிதாக ஆரம்பித்த ஒரு கிளப் உன்னை ஆட்டக்காரனாகவும் மேனேஜராகவும் சேர்த்தே எடுத்தது. நீ போட்ட ஒரே நிபந்தனை, கீப்பர் நான்தான் என்பது. தொப்பை வைத்த என்னை அந்தப் பையன்கள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"மேனேஜர் வேலைய எதுக்கு ஒத்துக்கிட்டேன் தெரியுமா மாப்ளே? இனிமே எவனும் என்னைய வெளிய ஒக்கார வைக்க முடியாதுல்ல" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு அதிக நாள் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "எல்லாரையும் நான் பாக்குறேன். என்னைய யாருடா பாக்குறது? வேகம் கொறஞ்சு நின்னா எனக்கே தெரியாது. பின்னாடி நிக்கிற ஒனக்குத்தான் தெரியும்."

அன்று செய்துகொண்டதுதான் அந்த ஏற்பாடு. உன்னால் இனி முடியாது என்று எனக்குப் பட்டால் வாயால் சொல்லக் கூடாது, பையன்கள் காதில் விழும். பூட்ஸால் கோல் கம்பத்தில் இரண்டு தட்டு. நீ எதுவும் கேட்காமல் வெளியே போய்விடுவாய்.

"நெசமா தட்டுவியா?"

"அடுத்த மேட்ச்லயே தட்டுறேன் பாரு."

தட்டவில்லை. மறு வருஷமே, நீ திரும்புவதற்குள் பந்து உன்னைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. நான் கோலை விட்டு முன்னால் ஓடி ஓடி அதன்மேல் விழுந்தேன். தொப்பை கரைந்ததுதான் மிச்சம். உன்னை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோட்டுக்குள் நிற்கும்போதுதான் உனக்கு வலி, கடன், கவலை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தட்டுவேன், சொல்.

அப்புறம் அந்தக் கடைசி லீக் ஆட்டம். தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. விடாத தூறல். ஒரு கோல் முன்னால் இருந்தோம். பந்து எதிர்ப்பக்கம் கிடந்த நேரம், என் பூட்ஸில் அடை அடையாகச் செம்மண். வழுக்கிவிடுமே என்று கம்பத்தில் ஒரு காலைத் தட்டினேன், மறு காலையும் தட்டினேன். மழையில் கீப்பர் எவனும் செய்கிற காரியம். தட்டிய பிறகுதான் உறைத்தது.

உன் முதுகு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு நீ பெஞ்சைப் பார்த்துக் கையைத் தூக்கி, உன் இடத்துக்கு ஒரு பையனைக் கூப்பிட்டாய்.

"டேய், மண்ணத் தட்டுனேன்டா. நீ உள்ளயே இரு" என்று கத்தினேன். நீ திரும்பாமலே கையை அசைத்துவிட்டுப் போனாய். கோட்டோரம் நின்று, தொண்டை கட்டும் வரை கத்தி, அந்தப் பையனை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தினாய். அன்றுதான் ஆட்டத்தின் நடுவே உன் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு பயத்தோடா இத்தனை காலம் எனக்கு முன்னால் நின்றாய்?

கோல் விழவில்லை. அணி பிழைத்தது. விசில் ஊதியதும் உன்னிடம் ஓடிவந்து மறுபடியும் சொன்னேன், மண்ணைத்தான் தட்டினேன் என்று. நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

"தெரியும்டா. நீயா தட்ட மாட்டேன்னு எப்பவோ தெரியும். நான் எம்புட்டு நாளுதான் காத்துக்கிட்டு நிக்கிறது? மண்ணாச்சும் சொல்லுச்சே."

அதற்குப் பிறகு நீ ஆடவில்லை. மேனேஜராக மட்டும் இருந்தாய், நோய் வந்து படுக்கும் வரை. திருச்சி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குரலே எழும்பாத நிலையிலும் என் காலைப் பார்த்துச் சொன்னாய்: "கட்டில் காலத் தட்டிராத மாப்ளே." நீ சிரித்தாய், பக்கத்தில் நின்ற உன் மனைவியும் சிரித்தாள். நான் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அங்கிருந்த நேரம் முழுக்க நீட்டவே இல்லை.

உன்னை அடக்கம் செய்த அன்றும் மழை. ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். திரும்பும்போது எல்லோரும் வாசல் கல்லில் செருப்பைத் தட்டித் தட்டிப் போனார்கள். அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. "தட்டிட்டு வாங்கண்ணே, வழுக்கும்" என்று நம் அணிப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அந்த மண்ணோடேயே நடந்து, பஸ் ஏறி, இலுப்பூர் வந்து சேர்ந்தேன்.

நான் தட்டவில்லை மாப்ளே. நீ உள்ளேயே இரு.